மவுஸைக் கழட்டி வை மாப்ளே

வாய்யா மாப்ளே, உக்காரு. நூலகத்துக்கு வெப்சைட்டு வரப்போவுதாமே? வாசகர் வட்டத்துல காசு சேத்தாச்சாம், டவுன்லேருந்து ஒரு பையன் வந்து கட்டித் தரப்போறானாம், எல்லாத்துக்கும் நீதான் பொறுப்பாம். டீக்கடையில கேட்டதுலேருந்து எனக்குப் பெருமை பிடிபடல. என் தங்கச்சி மவன் உலகத்துக்கே வாசல் தொறக்கப் போறான்னு உங்க அத்தைகிட்ட சொன்னேன். "மொதல்ல இருக்கிற வாசலைத் தொறக்கச் சொல்லுங்க"ன்னுட்டா. அவளுக்கு எதுலயும் ஒரு நொட்டை சொல்லலைன்னா சோறு எறங்காது.

அவ சொன்னது அந்தச் சாய்தளத்தை. சக்கர நாற்காலி ஏறட்டும்னு சிமெண்டு பூசிக் கட்டுனீங்கல்ல, நல்ல காரியம். இன்னை வரைக்கும் அதுல ஏறி எறங்குனது உன் பைக்கு ஒண்ணுதான். நெழல்ல நிக்குது, மழையில நனையாம இருக்கு. பைக்குக்கும் மனசு உண்டு, நான் இல்லைங்கல.

வெப்சைட்டும் அதே பக்குவத்துல வந்துடணும்னு மாமனுக்கு ஆசை. அதுக்குக் கொஞ்சம் யோசனை வச்சிருக்கேன். எனக்கென்னா தெரியும், மாடு கன்னு பாத்தவன். ஆனா சாயந்தரமானா ரிட்டையர்டு சரித்திர வாத்தியார் வீட்டுத் திண்ணையில கெடக்கிறேன்ல. அவருக்குக் கண்ணு தெரியாது. அவரு லேப்டாப்பு வாயைத் தொறந்து எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுது. என்விடிஏன்னு பேராம். ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்னு ஒருத்தன், ஜேமி டேன்னு அவன் கூட்டாளி, ரெண்டு பேருக்குமே பார்வை இல்ல. கம்ப்யூட்டரு வாங்க ஒரு காசு, அதைப் பேச வைக்க அதுக்கு மேல ஒரு காசு, கண்ணு தெரியாதவன் மட்டும் எதுக்குய்யா ரெண்டு தடவை அழுவணும்னு 2006-ல ஆரம்பிச்சானுங்களாம். இன்னை வரைக்கும் இலவசம். வாத்தியாரு அதை வச்சிருக்கிற வேகத்துல எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. எனக்காக வேகத்தைக் கொறைச்சு வைப்பாரு. அப்படிக் கொறைச்சு வச்ச ஒரு நாள்லதான் ஒரு பெரிய நூலகத்தோட பக்கத்தைத் தொறந்தாரு. எந்த நூலகம்னு கேக்காத, பேரு நமக்கெதுக்கு.

தொறந்ததும் மெஷின் சொல்லுது: "கிராஃபிக், பேனர் அண்டர்ஸ்கோர் நியூ ஃபைனல் டூ." அடுத்தாப்புல, "கிராஃபிக், பேனர் அண்டர்ஸ்கோர் நியூ ஃபைனல் த்ரீ." எட்டிப் பாத்தேன். மந்திரி ஒருத்தர் குத்துவெளக்கு ஏத்துறாரு, அப்புறம் இன்னொரு மந்திரி இன்னொரு குத்துவெளக்கு ஏத்துறாரு. படம் தானா நகந்துக்கிட்டே இருக்கு. அது என்னா படம்னு ஒரு வரி எழுதி வைக்க யாருக்கும் தோணல. அதனால கோப்போட பேரையே மெஷின் ராகம் போட்டுப் படிக்குது.

அப்புறம் வாத்தியாரு ஹெச்-ங்கிற எழுத்தை அமுக்குனாரு. அதை அமுக்குனா ஒரு தலைப்புலேருந்து அடுத்த தலைப்புக்குத் தாவிப் போவலாமாம், நாம கண்ணால மேஞ்சுக்கிட்டுப் போறோம்ல, அந்த வேலைக்கு. மெஷின் என்னா சொல்லுச்சு தெரியுமா? தலைப்பே இல்லையாம். என் கண்ணுக்கு எதுத்தாப்புலயே செவப்புல கொட்டை எழுத்துல "உறுப்பினர் சேர்க்கை"ன்னு நிக்குது. கட்டுனவன் அது தலைப்புன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லவே இல்ல, எழுத்தை மட்டும் ஊதிப் பெருசாக்கிட்டுப் போயிட்டான். சரி, பக்கத்துல இருக்கிற இணைப்பெல்லாம் என்னென்னன்னு பட்டியல் போட்டுக் காட்டுன்னு ஒரு பொத்தானை அமுக்குனாரு. "இங்கே கிளிக் செய்யவும். இங்கே கிளிக் செய்யவும். இங்கே கிளிக் செய்யவும்." வரிசையா அதேதான். எங்கேன்னு அதுக்கும் தெரியல, இவருக்கும் தெரியல.

நீயும் அப்படியே போடு மாப்ளே. புத்தகப் பட்டியல், புதுப்பித்தல், விடுமுறை நாள்னு வெளாவாரியா எழுதிப்புட்டா வாசகனுக்குச் சோம்பேறித்தனம் வந்துடும். அலையட்டும்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது அந்த அறிவிப்புதான். சுத்தமான தமிழ்ல இருக்கு, நானே படிக்கிறேன். மெஷின் ஏதோ வாய்க்குள்ளயே உளறுது. வாத்தியாரு எழுத்தெழுத்தா நகத்தி ஒரு வார்த்தையைக் கேட்டாரு: "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்." என்னய்யா பாஷை இதுன்னேன். "தமிழ்னு எழுதியிருக்காங்க"ன்னாரு. கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடமே ஆயிப்போச்சு. பாமினின்னு ஒரு பழைய எழுத்துரு. இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தை ஒட்டி வச்சிருக்கும், உள்ளுக்குள்ள அது ஜே-யும் கே-யுந்தான். யூனிகோடுல தமிழுக்கு 1991-லயே எடம் போட்டாச்சு. 2010-ல கோயம்புத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்தப்ப, இனிமே யூனிகோடுதான்னு அரசாங்கமே ஆணை போட்டுது. ஆனா பாரு, சில ஆபீஸ்ல பாமினி இன்னும் ரிட்டையர் ஆவாம உத்தியோகம் பாத்துக்கிட்டிருக்கு. நீ அதை அனுப்பிடாத. யூனிகோடுல அடிச்சிட்டா வாத்தியாரு கேட்டுடுவாரு, கூகுள் தேடிக் கண்டுபிடிச்சுடும், அப்புறம் எவனாவது நூலகத்துக்கு வந்து தொலைப்பான்.

அடுத்து ஸ்கேன். இதுல நீ கில்லாடின்னு கேள்விப்பட்டேன். பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாப் படம் பிடிச்சு, பிடிஎஃப்பா ஏத்தி, டிஜிட்டல் நூலகம்னு ரிப்பன் வெட்டிடலாம்னு திட்டமாமே. வாத்தியாரு அப்படி ஒண்ணைத் தொறந்தாரு. மெஷின் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லி வாயை மூடிக்கிச்சு. இருக்கிறது பக்கத்தோட போட்டோ, அதுல எழுத்தே கெடையாது. விருந்துக்குக் கூப்பிட்டு, எலையைப் போட்டு, சாப்பாட்டுப் படத்தை வச்சிட்டு "நல்லா சாப்பிடுங்க"ன்னு உபசாரம் பண்ணுன கதை.

இதே தமிழ்ல வேற மாதிரியும் செஞ்சிருக்காங்க. 1998 பொங்கலுக்கு சுவிட்சர்லாந்துலேருந்து கல்யாணசுந்தரம்னு ஒரு விஞ்ஞானி மதுரைத் திட்டம்னு ஆரம்பிச்சாரு. அங்கங்க இருக்கிற தமிழாளுங்க ராத்திரி வேலை முடிஞ்சு உக்காந்து, பழைய நூலை வரிவரியாத் தட்டச்சு அடிச்சு ஏத்துனாங்க. சம்பளம் கெடையாது. வாத்தியாரு திருவாசகம் கேக்குறது அதுலதான். மார்கழி விடியக்காலையில திண்ணையில மெஷின் சொல்லும், இவரு கூடவே சொல்லுவாரு. அதுக்குச் சில எடத்துல மூச்சு விடத் தெரியாது, இவரு நிறுத்தித் திருத்துவாரு.

இப்ப படத்துலேருந்து எழுத்தைப் பிரிச்செடுக்க மென்பொருளு வந்துடுச்சு, தட்டச்சு அடிக்க வேண்டாங்கிறான் அந்த டவுன் பையன். சரிதான். 1978-க்கு முந்தி அச்சான புத்தகத்தை அதுகிட்ட குடுத்துப் பாரு. எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி ணை, லை, னை எல்லாம் தும்பிக்கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும். ணா, றா, னாவுக்கெல்லாம் கால் தனியா நிக்காது, எழுத்தோட ஒட்டிச் சுருண்டு கெடக்கும். ரொம்பப் பழசுன்னா காலும் ரகரமும் ஒரே அச்சு. "மரம்"னு இருக்கிறதை "மாம்"னு எடுத்துக் குடுக்கும். ஒரு கட்டுரையில எத்தனை மரம் வருதோ அத்தனை மாமும் வரும். அதை உக்காந்து திருத்துறது யாரு? பழைய எழுத்துல பழகுன கெழடுங்க நாங்க நாலு பேரு பேப்பரைப் புரட்டிக்கிட்டு உன் ஃபேனுக்கு அடியில தூங்குறோம். எழுப்பி வேலை வாங்கத் தெரியலையே உனக்கு.

உரிமை இல்லையே, கேஸ் போட்டுடுவானேன்னு பயப்படாத. அதுக்கும் வாத்தியாருகிட்ட பதில் இருக்கு. 2012-ல பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்துனாங்க. பார்வை இல்லாதவங்களுக்காக லாபம் பாக்காம ஒரு புத்தகத்தை அவங்க படிக்கிற வடிவத்துக்கு மாத்திக் குடுக்கலாம், யாரு கால்லயும் விழ வேண்டாம். இதே விஷயத்துக்கு நாடுங்க சேந்து போட்ட மராக்கேஷ் ஒப்பந்தம்னு ஒண்ணு, அதை 2014-ல உலகத்துலயே மொதல்ல ஏத்துக்கிட்டது நம்ம நாடு. 2016-லேருந்து சுகம்ய புஸ்தகாலயான்னு அவங்களுக்குன்னே இணையத்துல ஒரு நூலகம் ஓடுது. இவ்வளவையும் உன்கிட்ட நூல் எடுக்கிற வாத்தியாரு எனக்குச் சொல்லி, நான் உனக்குச் சொல்றேன். நீதான்யா நூலகரு!

கோவிச்சுக்காத. இன்னொரு டம்ளர் மோர் குடி.

உன் மேஜைக்குப் பின்னால ஒருத்தர் படத்தை மாட்டி ஆகஸ்டு 12-ந் தேதியானா மாலை போடுறியே, ரங்கநாதன், அவரு யாரு? சீர்காழிக்காரரு. கணக்கு வாத்தியாரு. 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகரா வந்தாரு. வந்த சுருக்குல இந்தச் சும்மா உக்காந்திருக்கிற உத்தியோகம் நமக்கு ஆவாதுப்பா, காலேஜுக்கே திருப்பி அனுப்புங்கன்னு போயி நின்னாரு. லண்டனுக்குப் போயி படிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்னு அனுப்பி வச்சாங்க. போனவரு வேற ஆளாத் திரும்பி வந்தாரு. பூட்டுன அலமாரியைத் தொறந்து விட்டு, வாசகனே உள்ள போயி எடுத்துக்கட்டும்னாரு. 1931-ல அஞ்சு விதி எழுதுனாரு. புத்தகம் பயன்படுத்தத்தான்னு மொத விதி. இதுல என்னா பெருசுன்னு கேப்ப. சீமையில ஒரு காலத்துல புத்தகத்தை அலமாரியோட சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தானுங்க, திருடு போவாம இருக்க. அந்தச் சங்கிலியிலேருந்துதான் அவரு பேச்சையே எடுக்கிறாரு.

அதே 1931-ல நம்ம மன்னார்குடிப் பக்கம் மேலவாசல்ல கனகசபைப் பிள்ளைன்னு ஒரு இன்ஜினீயரு மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்தி ஊரு ஊரா அனுப்புனாரு. தொடங்கி வைக்க ரங்கநாதனே வந்தாரு. அந்த மாட்டுக்கு அஞ்சு விதியில ஒண்ணும் தெரியாது. ஆனா வாசகன் எங்க இருக்கானோ அந்த வாசலுக்குப் போயி நின்னுச்சு. நடமாடும் நூலகம்னு இப்ப பேரு வச்சிருக்கோம், வண்டிக்கு டீசல் இல்லைன்னா நடமாடாது. வைக்கோலுக்கு அந்தத் தொல்லை இல்ல.

நம்ம மாநிலத்துல நூலகச் சட்டம் 1948-ல வந்துது, சுதந்திர இந்தியாவுலயே மொதல்ல. வீட்டு வரி கட்டுறப்ப நூலக வரின்னு சேத்துப் புடிக்கிறாங்களே, அதுலேருந்துதான். எங்கிட்டயும் புடிக்கிறாங்க, கண்ணு தெரியாத வாத்தியாருகிட்டயும் புடிக்கிறாங்க. வரி வாங்குறப்ப ஒரு குறையும் பாக்குறதில்ல பாத்தியா, எல்லாரும் சமம்.

நீ என்னமோ ஒரு வருஷமா மொவத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியுற. கூகுள் வந்துட்டுது, ஏஐ வந்துட்டுது, இனிமே நூலகரை யாரு மாமா தேடப்போறான்னு பொலம்புற. முன்னாடி மட்டும் உனக்கு என்னா வேலை, சத்தம் போடாதேன்னு சத்தம் போடுற வேலைதானே? அன்னைக்கு ஒரு காலேஜுப் பையன் ஏஐகிட்ட கேட்டேன்னு புத்தகப் பட்டியல் ஒண்ணைக் கொண்டாந்து நீட்டுனான். நீயும் அலமாரி அலமாரியாத் தேடுன. பாதி புத்தகம் எழுதப்படவே இல்ல. இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர் பேரு, பதிப்பகம், வருஷம் எல்லாம் கூசாமச் சொல்லுது அது. "இந்தப் புத்தகம் கெடையாது தம்பி, நீ தேடுறது இதுல இருக்கும்"னு வேற ஒண்ணை எடுத்துக் குடுத்தியே, அதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த நேரத்துல உன் மொவம் தொங்கல.

இன்னொரு சங்கதி. நூலகருக்குப் படிச்சவனை இ-சேவை மையமா ஆக்கிட்டாங்கன்னு உனக்கு ஆத்தாமை. டிஎன்பிஎஸ்சிக்கு அப்ளிகேஷன் போட ஒருத்தன், முதியோர் பென்ஷன் என்னாச்சுன்னு பாக்க ஒரு கெழவி, ஓடிபி வரலைன்னு போனை நீட்டிக்கிட்டு இன்னொரு கெழவி. உனக்குக் கோவம் வர்றது நியாயந்தான். ஆனா அதுங்க ஏன் உன்கிட்ட வருதுங்க? திட்டாம, காசு கேக்காம, அப்புறம் வான்னு சொல்லாம உக்காந்திருக்கிற அரசாங்க மேஜை இந்த ஊருல உன்னோடது ஒண்ணுதான். ஒண்ணு மட்டும் செய், ஓடிபியை நீ வாங்கி அமுக்காத, அவ கையாலயே அமுக்க வை. நேரமாவும். ஆவட்டும், உனக்கு என்னா அடுப்புல பாலா வச்சிருக்கு.

வாத்தியாரு ஒரு தடவை பேங்க்குக்காக மொவத்தைக் காட்டி அடையாளம் குடுக்க உக்காந்தாரு. போனு சொல்லுது, கண்ணைச் சிமிட்டுங்கன்னு. எங்க பாக்கணும், வட்டத்துக்குள்ள மொவம் இருக்கா இல்லையா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. சிமிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கு. இதே வயித்தெரிச்சலோட, ஆசிட் வீச்சுல கண்ணும் இமையும் வெந்து போனவங்களும், பார்வை இல்லாத ஒருத்தரும் உச்ச நீதிமன்றத்துக்கே போனாங்க. டிஜிட்டல் வசதி எட்டுறதும் உயிர் வாழுற உரிமையில சேத்திதான்னு 2025 ஏப்ரல்ல தீர்ப்பாச்சு. அதுக்கு முந்துன நவம்பர்ல இன்னொரு தீர்ப்பு, இந்த வசதியெல்லாம் முடிஞ்சா செய்யிங்கன்னு விடாம கட்டாயமா விதி போடுங்கன்னு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம் வேற இருக்கு. நீ கோர்ட்டுக்கெல்லாம் பயப்பட வேண்டாம், கோர்ட்டுக்கு நம்ம ஊரு எங்க இருக்குன்னே தெரியாது. உங்க அத்தைக்குப் பயந்தாப் போதும்.

அந்த டவுன் பையன் மாதிரிக்கு ஒரு பக்கம் காட்டுனானே, வெள்ளைத் தரையில வெளுத்துப்போன சாம்பல் எழுத்து, அதுதான் இப்ப நாகரிகம்னு. எழுத்துக்கும் தரைக்கும் வெளிச்ச வித்தியாசம் 4.5-க்கு 1-ஆவது இருக்கணும்னு உலகத்துக்கே ஒரு வழிமுறை எழுதி வச்சிருக்கான், 1999-லேருந்து திருத்தித் திருத்திப் போட்டுக்கிட்டிருக்கான். அந்தப் பையன்கிட்ட கணக்கெல்லாம் பேசாத. வெயில்ல களத்து மேட்டுல நிக்க வச்சு, போனைக் கையில குடுத்துப் படிடான்னு சொல்லு. அப்புறம் அந்தப் படக்கட்டம். நான் மனுசன்தான்னு நிரூபிக்க டிராஃபிக் லைட்டு எல்லாத்தையும் தொடணுமாம். இந்த ஊருல டிராஃபிக் லைட்டை நான் எங்கய்யா கண்டேன்? ஆடு, மாடுன்னு கேட்டா ஒரே தொடுல காட்டிடுவேன்.

இந்த வெப்பைக் கண்டுபிடிச்ச பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பாத்த ஆளு. அந்தக் கூடத்துக்காரன் 1993-ல எங்களுக்குக் காசு வேண்டாம், யாரு வேணா எடுத்துக்குங்கன்னு பொதுவுல விட்டான். ரங்கநாதன் அலமாரியைத் தொறந்து விட்டதும் அதே புத்திதான். தொறந்து கெடக்கிற ஒண்ணுக்குப் புதுசாப் பூட்டு செய்யத்தான் நாம டவுன்லேருந்து ஆளு கூட்டியாறோம்.

அந்தப் பையனுக்கு நெறம் தெரியும், பொத்தான் தெரியும். எந்தப் படத்துக்கு என்னா சொல்லணும், எதுக்கு எது தலைப்பு, எதைத் தேடி வர்றவன் எந்த வார்த்தையைப் போடுவான், இது அவனுக்குத் தெரியாது. கேட்லாக் கார்டுல நாலு வரியில ஒரு புத்தகத்தையே அடக்கி எழுதுனவனுங்க பரம்பரையிலதான் நீ வந்திருக்க. குத்துவெளக்குப் படத்துக்கு ஒரு வரி எழுத முடியாதா உனக்கு? அதை அவன் எழுதுனா "பேனர் ஃபைனல் ஃபோர்"னுதான் எழுதுவான். காசு குடுக்கிறதுக்கு முன்னால உக்காந்து பாரு. பாத்துட்டுக் குடு.

எப்படிப் பாக்கிறதுன்னு கேக்குறியா? வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, அதை விடு. செவ்வாக்கிழமை வாத்தியாரைக் கூட்டிக்கிட்டு நானே வரேன். மவுஸைக் கழட்டு. டிராயர்ல போட்டுப் பூட்டு. சாவியை என்கிட்ட குடு. டேப் பொத்தானையும் என்டரையும் மட்டும் வச்சுக்கிட்டு, ஒரு புத்தகத்தைத் தேடி, எனக்குப் புதுப்பிச்சுக் குடு. அந்தப் பையனையும் வரச் சொல்லு, அவன் பக்கத்துல நின்னு பாக்கட்டும், வாயைத் தொறக்கக் கூடாது. நீ முடிக்கிற வரைக்கும் டீ செலவு உன்னோடது. வாத்தியாருக்குச் சக்கரை போடச் சொல்லாத, எனக்கு ரெண்டு ஸ்பூன்.